மூன்று கிழவர்கள், மூன்று மூட்டைகள்

2024 தை மாதத்தில் ஒரு நாள் காலை எங்கள் ஊர் சிகாநாதசுவாமி கோயில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர்கள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். ஆளுக்கொரு பை முதுகில். அந்த அம்மாள் காலைச் சற்றுத் தாங்கித்தான் நடந்தார். நான் வழக்கம்போல மண்டபத்து நிழலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். "போன்ழூர்" என்றதும் இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குடுமியான்மலையில் வேட்டி கட்டிய கிழவன் ஒருவன் பிரெஞ்சு பேசுவான் என்று எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

(புதிதாக வந்த வாசகர்களுக்கு மட்டும்: நான் பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிவிட்டு, ரிட்டயர் ஆனபின் மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தவன்.)

அவர்களைக் கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் இருக்கும் மேலைக்கோயில் குடைவரைக்குக் கூட்டிப் போனேன். பக்கத்திலேயே பாறையில் அந்த இசைக் கல்வெட்டு. 38 வரி, கிரந்த எழுத்து, பாட்டு அல்ல, வெறும் சுரங்கள். ஏழாம் நூற்றாண்டு. மகேந்திரவர்மன் வெட்டியது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள், அதில் இப்போது அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. அந்த அம்மாள் பாறைக்கு எதிரே பையைத் தலையணை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் இருந்தார்கள். நடுவில் நான் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதே காலையில் நம்மவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். "இதான் சங்கீதக் கல்வெட்டு, போட்டோ எடுத்துக்குங்க, பத்து நிமிஷம்" என்றார் கூட்டி வந்தவர். ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வந்து, "இதுல என்ன எழுதியிருக்கு சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழே ஹாரன் அடித்துவிட்டது. அவர் போகிற போக்கில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 2013ல் நானும் மனைவியும் "எட்டு நாள், மூன்று நாடு" என்ற ஒரு பேக்கேஜில் போய் வந்தவர்கள்தான். கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரத்தடியில் கால் மணி நேரம். பாங்காக்கில் எந்தக் கோயிலுக்குப் போனோம் என்று இன்று கேட்டால் ஆல்பத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு நன்றாக நினைவிருப்பது பஸ்ஸின் ஏ.சி. குளிரும், தினமும் ராத்திரி ஏதோ ஒரு இந்திய ஓட்டலில் போட்ட பன்னீர் குழம்பும்.

எனவே என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் வெளிநாடு போவதென்றால் பேக்கேஜில் போகவே கூடாது. ஒரே ஊர். இரண்டு மூன்று பழைய சிநேகிதர்கள். தன் முதுகே தூக்கக்கூடிய ஒரு பை. ஊரில் எல்லோரும் இதை நேர் எதிராகச் சொல்கிறார்கள். பையை மாட்டிக்கொண்டு திரிவது வாலிபப் பிள்ளைகளுக்கு, கொடி பிடித்தவன் பின்னால் போவது நமக்கு என்று. என் மகனும் அதைத்தான் சொன்னான். "உங்க மூணு பேருக்கும் சேத்து எத்தன மாத்திரைப்பா?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினேழு.

மூன்று பேர் யார் என்றால், நான், காரைக்காலில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சொல்தா ஒருவன், எங்கள் தெருவில் குடியிருக்கும் டிரில் மாஸ்டர். சொல்தா என்பது புதுச்சேரி, காரைக்கால் பேச்சில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. அதனால் அவனுக்கு வியட்நாம் போக 45 நாள் வரை விசாவே தேவையில்லை. எனக்கும் டிரில் மாஸ்டருக்கும் 25 டாலர் இ-விசா. இதை அவன் விமானம் ஏறும்வரை சொல்லிக் காட்டினான்.

ஊர் சைகோன் என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. இன்றைய பெயர் ஹோ சி மின் நகரம். 1976ல் மாற்றினார்கள். காரைக்கால், புதுச்சேரிக்காரர்களுக்கு அது இன்னும் சைகோன்தான். பிரெஞ்சுக்காரன் அங்கே ஆட்சி செய்தபோது சுங்கம், வரி, போலீஸ், சிறை என்று கீழ்நிலை உத்தியோகங்களில் நம்மவர்கள் போய் உட்கார்ந்தார்கள். 1881ல் வந்த ஒரு ஆணைப்படி, சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதில் கூடுதல் சௌகரியம். நகரத்தார் அங்கே வட்டிக் கடை வைத்தார்கள். காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் துணி வியாபாரம் செய்தார்கள். என் சித்தப்பாவும் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போனவர்தான். அவரைப் பற்றிப் பிறகு.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்தே சைகோனுக்கு நேராக விமானம் விட்டார்கள். இங்கிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரம். ராத்திரி ஏறினால் விடிந்ததும் சைகோன். 2025 பிப்ரவரியில் போனோம். ஆறு நாள், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 45,000 ரூபாய்க்குள் அடங்கியது.

முதல் நாளே ஒரு முட்டாள்தனம் செய்தோம். பை மாட்டித் திரிபவர்கள் எல்லாம் தங்குகிற பேட்டை எது என்று தேடி, புய் வியென் தெருவில் அறை எடுத்துவிட்டோம். அது ராத்திரி முழுக்கப் பாட்டும் பீருமாக இருக்கிற தெரு. இரண்டு மணி வரை கட்டில் அதிர்ந்தது. டிரில் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து, "நம்ம ஊர் திருவிழாவுல கூடப் பன்னெண்டு மணிக்கு நிறுத்திடுவாங்க" என்றார். மறுநாள் காலையிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த சிறிய விடுதிக்கு மாறினோம். பேக்கேஜில் இந்தச் சங்கடம் வராது, ஒப்புக்கொள்கிறேன்.

மூட்டை என்றேனே, அங்கே முதுகுப் பைக்குப் பெயரே 'பா லோ'. பிரெஞ்சில் 'பலோ' என்றால் மூட்டை. அதிலிருந்து வந்தது. பை மாட்டித் திரியும் வெள்ளைக்காரர்களுக்கு 'தெய் பா லோ' என்றே பட்டப்பெயர், மேல்நாட்டு மூட்டைக்காரன் என்பது மாதிரி. விடுதிப் பையன் எங்கள் பைகளைக் காட்டி "பா லோ, பா லோ" என்று சிரித்தபோது, வேறெங்கும் பிரெஞ்சு செல்லுபடியாகாத அந்த ஊரில் எனக்கு ஒரு ஆறுதல். இளவட்டங்களுக்கு பிரெஞ்சு தெரியவில்லை, ஆங்கிலம்தான். ஆனால் ரயில் நிலையம் 'கா', சோப்பு 'சா ஃபோங்', வெண்ணெய் 'பொ', சிமெண்டு 'சி மாங்'. அறுபது வருடம் முன்னால் நான் மனப்பாடம் செய்த வார்த்தைகள் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது. சட்டையும் அங்கே 'சொ மி'தான். காப்பியைக் கோப்பை மேலேயே வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற குட்டி ஃபில்டருக்கு 'ஃபின்'. கும்பகோணம் டிகாஷனுக்குப் பழகிய நாக்கு அதை உடனே அங்கீகரித்தது. எங்கள் சந்துமுனையில் ஒரு கிளாஸ் நம் காசுக்கு எழுபத்தைந்து ரூபாய், பாலுக்குப் பதில் கெட்டிப்பால், உள்ளே ஐஸ். டிரில் மாஸ்டருக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் குடித்தார்.

சாலையைக் கடப்பதுதான் அந்த ஊரில் பெரிய பரீட்சை. மோட்டார் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் மாதிரி வருகின்றன, நிற்பதே இல்லை. அரை மணி நேரம் ஓரத்தில் நின்றோம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கற்றுக் கொடுத்தாள்: இறங்கு, ஒரே சீராக மெதுவாக நட, ஓடாதே, பின்வாங்காதே, அவர்களே உன்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கிழவர்களுக்கு இதைவிடத் தோதான விதி கிடையாது. நம்மால் ஓடத்தான் முடியாதே. டிரில் மாஸ்டர் முன்னால் நின்று "லெஃப்ட், ரைட்" சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் அணிவகுத்துத்தான் ஆறு நாளும் சைகோனைக் கடந்தோம்.

எல்லோரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். நோத்ர தாம் தேவாலயம் 2017லிருந்து மராமத்தில் இருக்கிறது, சாரம் கட்டி மூடியிருந்தது. போர் அருங்காட்சியகத்தில் சொல்தா அரை மணிக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். 1975 ஏப்ரல் 30ல் டாங்கி உள்ளே நுழைந்த மாளிகையை வெளியிலிருந்தே பார்த்தோம். புதிதாகத் திறந்திருந்த மெட்ரோவில் பென் தானிலிருந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினோம், உட்கார்ந்தபடி ஊர் பார்க்கலாம் என்பதற்காக.

பென் தான் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். நம் ஊர்க் கோபுரம், நம் ஊர் அம்மன், ஒரு பக்கம் மதுரைவீரன், இன்னொரு பக்கம் பேச்சியம்மன். கும்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் வியட்நாமியர், சீனர். கையில் கொத்தாக ஊதுவத்தி. சுற்றி வந்து கருங்கல் சுவரில் கையை வைத்து, முகத்தையும் சுவரோடு சேர்த்துவைத்து ஏதோ முணுமுணுக்கிறார்கள். அம்மனை 'பா' என்கிறார்கள். பாட்டியை, பெரிய மனுஷியைக் கூப்பிடுகிற சொல். நாங்கள் போன அன்று அங்கே தமிழர் என்று நாங்கள் மூன்று பேர்தான். தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இன்னும் அமைதி. தோங் து தெருவில் 1935ல் கட்டிய பள்ளிவாசல். அதுவும் நம் பக்கத்து முஸ்லிம்கள் எழுப்பியதுதான். ஒரு நாள் பூராவும் இந்த மூன்று இடத்துக்கே போய்விட்டது. எங்கள் தெருவிலிருந்து பேக்கேஜில் வியட்நாம் போய்வந்த ஒரு குடும்பத்தைப் பிறகு விசாரித்தேன். அவர்களுக்கு இதில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. தமிழனைக் கூட்டிப் போய்த் தமிழன் இருந்த இடத்தைக் காட்டாமல் திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

இனி சித்தப்பா விஷயம். அவர் அங்கே ஒரு வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒரு பெண் குழந்தை. சித்தப்பா தமிழில் இரண்டு வரி எழுதுவதோடு சரி, மீதிக் கடிதம் சித்தியுடையது, பிரெஞ்சில். வீட்டில் அதை வாசித்துத் தமிழில் சொல்கிறவன் நான். ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தூணில் சாய்ந்துகொண்டு கேட்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. 1965ல் ஒரு கடிதம் வந்தது. சண்டை முற்றுகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் காரைக்காலில் வந்து இருக்கலாமா, அத்தையின் காலில் விழ ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப வசதிப்படாதுன்னு எழுதிடு" என்றார்.

எழுதினேன். சும்மா எழுதவில்லை. பள்ளியில் அந்த வாரம்தான் உபசாரக் கடித நடை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தருணம் உகந்ததாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், எழுத்துச் சாய்வு பார்த்துப் பார்த்து எழுதினேன். பிற்பாடு உத்தியோகத்தில் எத்தனையோ மனுக்களுக்கு அதே மாதிரி பதில் எழுதிச் சம்பளம் வாங்கினேன். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. வருடப் பிறப்புக்கு அட்டை வந்துகொண்டிருந்தது. 1974க்குப் பிறகு அதுவும் இல்லை. பிரான்சுக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர், அங்கேயே இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஆயாவும் போய்ச் சேர்ந்தார்.

உறையின் பின்பக்கம் இருந்த விலாசம் எனக்கு இன்றும் மனப்பாடம். கோங் லீ தெரு. வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு தெருவே இல்லை. விடுதிக்காரரின் தாயார், எண்பதைத் தாண்டியவர், கன்னியாஸ்திரிகளிடம் படித்தவராம். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இருந்த அதே பழைய பிரெஞ்சில் பேசினார். அவர்தான் சொன்னார்: கோங் லீ தெருதான் 1975க்குப் பிறகு நாம் கீ கொய் ஙியா. காத்தினா தெரு து தோ ஆகி, இப்போது தோங் கோய் ஆனது மாதிரி. ஆட்சி மாறினால் அங்கே முதலில் தெருப் பலகை மாறும்போலிருக்கிறது. போனோம். அந்த எண்ணில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கீழே காவலாளி. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அதே தெருவில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. சித்தப்பா அங்கே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டோம்.

அங்கிருந்து பெரிய தபால் ஆபீசுக்கு நடந்தோம். 1886ல் தொடங்கி 1891ல் முடித்த கட்டடம். ஈஃபில் கட்டியது என்று ஒரு கொடிக்காரர் தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபூலூ என்ற வேறொரு பிரெஞ்சுக்காரர் கட்டியது. உள்ளே ரயில் நிலையம் மாதிரி உயர்ந்த வளைவுக் கூரை, சுவரில் பிரெஞ்சு எழுத்தில் இரண்டு பழைய வரைபடம், நீள நீள மர பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கே ஒரு பெரியவர் பல காலம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று படித்திருக்கிறேன். அவர் இடம் காலியாக இருந்தது. சித்தியின் கடிதங்கள் எல்லாம் இந்தக் கட்டடம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். என் பதிலும் இங்கேதான் வந்து இறங்கியிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மற்ற இருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கும் கால் வலி. பிறகு நானாகத்தான் சொன்னேன். மனைவியிடம்கூட முழுக்கச் சொன்னதில்லை. கேட்டுவிட்டு சொல்தா, "அப்ப உனக்கு என்னடா வயசு?" என்றான்.

"பதினாலு."

"சரி வா, காப்பி குடிக்கலாம்."

இதைத்தான் நான் பேக்கேஜில் வாங்க முடியாது என்கிறேன். அதில் தபால் ஆபீசுக்குப் பத்து நிமிடம். என் மகனோடு போயிருந்தால் அவன் பதறிப்போய் ஆறுதல் சொல்லியிருப்பான், இல்லையென்றால் நேரமாகிறது என்று எழுப்பியிருப்பான். ஒரே வயதுக்காரர்களோடு போனால் கூடவே உட்காருவார்கள், கிளம்பச் சொல்லி நச்சரிக்க மாட்டார்கள். எழுபதுக்கு மேல் ஒருவன் பார்க்கப் போகிற இடம் ஊரின் பட்டியலில் இருக்காது, அவனவன் பழைய பெட்டியில்தான் இருக்கும். நம் ஜில்லாவிலும் பக்கத்துச் செட்டிநாட்டிலும் பினாங்கு, ரங்கூன், ஈப்போ என்று முத்திரை குத்திய உறைகள் இல்லாத வீடு குறைவு. கரையான் அரிக்கும் முன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று சிபாரிசு செய்கிறேன்.

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. விழுந்தால்? விழுந்தோம். அதுவும் டிரில் மாஸ்டர்தான். ஐந்தாம் நாள் நடைபாதை மேலேயே மோட்டார் சைக்கிள் ஏறி வர, ஒதுங்கும்போது தடுக்கி முழங்கால் சிராய்ந்துவிட்டது. பக்கத்தில் ரொட்டி விற்ற பெண் ஓடிவந்து, தன் முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, பச்சை நிறத்தில் ஒரு தைலம் எடுத்துக் காயத்தைச் சுற்றித் தேய்த்தாள். நம் கோடாலித் தைல வாசனை. காசு வாங்கவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டோம். ஆனால் இது அதிர்ஷ்டம் என்றும் தெரியும். இடுப்பெலும்பு போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். பயண இன்ஷூரன்ஸ் போடாமல் போகாதீர்கள். மாத்திரையை இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வையுங்கள், மருந்துச் சீட்டு ஜெராக்ஸ் இருக்கட்டும். தெருவோரத்தில் நின்று போனை நீட்டிப் பேச வேண்டாம், பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இதய ஆபரேஷன் ஆகி வருடம் திரும்பாதவர்களும், யாருடைய கையையாவது பிடித்தே நடக்க வேண்டியவர்களும் பேக்கேஜிலேயே போகட்டும். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

பணம் பற்றி ஒருவர் குத்தலாகக் கேட்டார், பென்ஷன் காசைப் பிள்ளைகளுக்கு வைக்காமல் ஊர் சுற்றலாமா என்று. எட்டு நாள் மூன்று நாட்டுக்கு அவர் மகன் கட்டிய தொகையைச் சொன்னார். எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இப்போது அடுத்த ஊர் பற்றித் தகராறு. டிரில் மாஸ்டரின் பெரியப்பா ஒருவர் பினாங்கில் தண்டல் எடுத்தவராம், அங்கே போகலாம் என்கிறார். சொல்தாவுக்கு விசா கேட்காத ஊராக இருந்தால் சரி. திண்ணையில் இதை நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்த ஊர்ல உக்கார பெஞ்சு இருக்குமா? இருந்தா நானும் வரேன்."